ஆஸ்டின் டவுனும் நகர்ச் சீரமைப்பும்

பெங்களூர் மாநகரில், ரிச்மண்ட் டவுனுக்கும் நீலசந்திராவுக்கும் அண்மையில், ஆஸ்டின் டவுன் என்னும் குடியிருப்பு அமைந்துள்ளது. அதற்குக் கிட்டல் நகர் என்று மற்றொரு பெயரும் சூட்டப்பெற்றுள்ளது. கன்னட மொழிக்கு 1894-ஆம் ஆண்டில் பேரகராதி ஒன்றை அளித்த ஜெர்மானியப் பாதிரியார் பெர்டினண்டு கிட்டலை நினைவூட்டும் பெயர் அது. ஆயினும் மக்கள் நாவில் வழங்குவது பழைய பெயரே. மாலை வேளையில் அதன் தெருக்களில் நடந்து செல்வோர் செவியில் தமிழும் கன்னடமும் உருதுவும் தெலுங்கும் கலந்தே விழும். நெருங்கி அமைந்த சிறு வீடுகள். வீட்டின் முன்பகுதியே கடையாக மாறிய பெட்டிக்கடைகள். தையற்காரர், பூ விற்பவர், இட்லி சுடும் மூதாட்டி. பெரும் செல்வம் இங்கே இல்லை. ஆனால் பல தலைமுறைகளாகத் தொடர்ந்துவரும் பிழைப்பு உண்டு.

அரசாங்க ஏடுகளை மொழிபெயர்ப்பதைத் தொழிலாகக் கொண்ட நாம், சொல் ஒன்றை அடிக்கடி எதிர்கொள்கிறோம். ஆங்கிலத்தில் அதனை 'இம்ப்ரூவ்மெண்டு' என்பர். அபிவிருத்தி, மேம்பாடு, சீரமைப்பு என்று தமிழில் அதனைப் பலவாறு எழுதலாம். எவ்வாறு எழுதினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. மேம்படுவது இடமா, அல்லது அவ்விடத்தில் வாழ்ந்து தொழில் செய்யும் மக்களா? நலிந்த பகுதிகளைப் புதுப்பிக்கவென்று நகரங்களில் தனி அமைப்புகள் தோன்றி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. அவற்றின் வரலாறு முழுவதிலும் இவ்வினா தொடர்ந்து வருகிறது. பிறந்த மண்ணை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறியுள்ள தமிழர்க்கு இது ஏட்டு வினா அன்று. வாயிலில் வந்து நிற்கும் வினா. ஆதலின் ஆஸ்டின் டவுனைச் சான்றாகக் கொண்டு இவ்வரலாற்றைச் சற்று ஆராய்வோம்.

1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தம் படையைச் சீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றிக் கன்டோன்மென்டை நிறுவினர். சென்னை மாகாணப் படையின் பின்னே சமையற்காரரும், கட்டட வேலையாட்களும், வண்ணாரும், வணிகரும் தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறினர். படைவீடுகளுக்கும் மாளிகைகளுக்கும் செங்கல் வேண்டியிருந்தது. செங்கல் சுட்ட சூளைகள் இருந்த இடம் 'சூளை' எனப் பெயர் பெற்று, ஆங்கிலேயர் நாவில் 'ஷூலே' ஆயிற்று. இன்று அசோக நகர் எனப்படும் அப்பகுதி ஆஸ்டின் டவுனுக்கு அண்டை அயலே. இன்றைய உயர் நீதிமன்றக் கட்டடமாகிய 'அட்டாரா கச்சேரி'யைக் கட்டி, 1873-இல் ஏழைப் பிள்ளைகட்கெனப் பள்ளியும் தொடங்கிய ஆர்க்காடு நாராயணசாமி முதலியார், கன்டோன்மென்டுத் தமிழரின் உயர்வுக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஆனால் அவர்தம் கட்டடங்களுக்குக் கல் சுமந்தவர்களின் குடியிருப்பு எவ்வாறு இருந்தது? காற்றும் வெளிச்சமும் புகாத சந்துகளில் நெருக்கமாக இருந்தது என்பதே விடை.

அந்நெருக்கத்தின் கேட்டை 1898-ஆம் ஆண்டு உலகறியச் செய்தது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் பிளேக் நோய் பெங்களூரில் புகுந்தது. பழைய பேட்டையும் கன்டோன்மென்டின் நெரிசலான பகுதிகளும் பெரிதும் அல்லலுற்றன. நோயை ஒழிக்க வழி நகரையே மாற்றி அமைப்பதுதான் என்று ஆட்சியாளர் தெளிந்தனர். மைசூர் அரசின் பொறுப்பில் இருந்த நகர்ப்பகுதியில் மல்லேசுவரமும் பசவனகுடியும் வளர்ந்தன. வீடுகளின் பின்னே கழிவகற்றும் சந்து, நேரான வீதி, ஆங்காங்கே பூங்கா என அவை வகுக்கப்பட்டன. கன்டோன்மென்டுப் பகுதியில் 1906-இல் தொடங்கி 1910-இல் திறக்கப்பட்ட பிரேசர் டவுன் பிளேக் அண்டாத நகராக எண்ணிக் கட்டப்பட்டது. எலி குடைய இயலாத அடித்தளம், எலி கூடு கட்ட இயலாத கூரை, வெயில் நுழையும் சன்னல் ஆகியவை அதன் இலக்கணம். பிளேக் அதிகாரியாக இருந்த ஜே. எச். ஸ்டீபன்ஸ் இம்முறையைப் பற்றி 1914-இல் ஒரு நூலே வெளியிட்டார்.

பிரேசர் டவுன் வசதி உடையோர்க்கு ஏற்றதாயிற்று. எளியோர் எங்கே செல்வது? இவ்வினாவுக்கு விடையாக எழுந்தவையே மர்பி டவுனும் ஆஸ்டின் டவுனும். 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், கன்டோன்மென்டு 'சிவில்-மிலிடெரி ஸ்டேஷன்' என்ற பெயரில் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த காலத்தில், குறைந்த வருவாய் உடைய தொழிலாளர் குடும்பங்களை எண்ணி அவை வகுக்கப்பட்டன. வீடு சிறியது, ஆனால் வரிசை ஒழுங்குடையது. இவற்றினும் முதன்மையான ஒரு நன்மை உண்டு. வேலை செய்யும் இடம் நடை தூரத்தில் இருந்தது. படைவீடும், ரிச்மண்ட் டவுன் பங்களாக்களும், சந்தையும் அருகிலேயே இருந்தன. பங்களாவில் சமையல் செய்தவரும் தெருக்கோடியில் காய்கறி விற்றவரும் தம் பிழைப்பை இழக்காமலே நல்ல கூரையின் கீழ்ப் புகுந்தனர். ஆங்கிலேயர் இதனைக் கருணையால் மட்டும் செய்தனர் என்று கூறுவதற்கில்லை. ஏழையின் குடிசையில் தோன்றும் நோய் துரையின் பங்களாவையும் எட்டும் என்னும் அச்சமும் உடனிருந்தது. எனினும் விளைந்த பயன் நிலைத்தது.

இனிப் பிற நகரங்களின் செய்தியையும் காண்போம். நகர்ச் சீரமைப்புக்கெனத் தனி அமைப்பு காணும் வழக்கத்திற்கு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் 1866-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாக முன்னோடியாயிற்று. அதனைப் பின்பற்றி, 1896-இல் பிளேக் தாக்கிய பம்பாயில் 1898-ஆம் ஆண்டு நகர அபிவிருத்தி டிரஸ்ட் எழுந்தது. மைசூர் நகரம் 1903-இல் இத்தகைய வாரியத்தை அமைத்தது. கல்கத்தா 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், சென்னை 1945-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் இவ்வழியில் வந்தன. சென்னையில் சி.ஐ.டி. நகர் என இன்றும் வழங்கும் பெயரில் அந்த டிரஸ்ட் வாழ்கிறது.

பம்பாய் டிரஸ்ட் நெரிசலை இடித்துச் சாண்ட்ஹர்ஸ்ட் சாலை போன்ற அகன்ற வீதிகளை அமைத்தது. ஆனால் தொடக்க ஆண்டுகளில், இடித்த அளவுக்கு ஈடாக மாற்று வீடுகள் எழவில்லை. வெளியேற்றப்பட்டோர் பக்கத்துச் சந்துகளில் புகுந்து அங்கே நெரிசலைப் பெருக்கினர். நோய் ஓரிடம் விட்டு மற்றோரிடம் சென்றதேயன்றி ஒழிந்தபாடில்லை. அதே டிரஸ்ட் பின்னர்த் தாதர்-மாடுங்கா நிலத்தைத் திருத்தி மனைகளாக்கியபோது, அங்கே குடிபுகுந்து செழித்தோருள் தமிழர் பலர். மாடுங்காவின் கோயில்களும் காப்பிக் கிளப்புகளும் அதற்குச் சான்று. ஒரே அமைப்பு ஒரு கையால் வாழ்வு அளித்தது. மற்றொரு கையால் அகற்றியது. நன்மையும் தீமையும் அமைப்பின் பெயரில் இல்லை. செய்யும் முறையில்தான் உள்ளன.

அம்முறையைத் தெளிவாக உரைத்தவர் பேட்ரிக் கெடிஸ் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர். 1914-இல் அவர் சென்னைக்கு வந்தபோது, அவருடைய கண்காட்சிப் பொருள்களை ஏற்றி வந்த கப்பலை எம்டன் கடலில் மூழ்கடித்தது. சென்னையின் மீது குண்டு வீசிச் சென்று, நம் பேச்சுவழக்கிலும் பெயர் பதித்த அதே ஜெர்மன் போர்க்கப்பல்தான்! கெடிஸ் மனம் தளராமல், வேறு பொருள்களை வரவழைத்தார். தஞ்சாவூர், மதுரை முதலிய ஊர்களின் சந்துகளில் நடந்து அறிக்கைகள் எழுதினார். ஊரின் நடுவே கோடு கிழித்தாற்போல் அகன்ற சாலை வெட்டுவதை அவர் ஏற்கவில்லை. தேர்ந்த மருத்துவன் பழுதுற்ற சதையை மட்டும் நீக்கி உயிருள்ள உறுப்பைக் காப்பது போல, பாழடைந்த சில வீடுகளை மட்டும் அகற்றி, அங்கே மரமும் கிணறும் சிறு வெளியும் அமைத்து, எஞ்சியவற்றைப் பழுதுபார்த்துக் காக்க வேண்டும் என்றார். 'காக்கும் அறுவை' என அதனை நாம் மொழிபெயர்க்கலாம். செலவு குறையும், மக்களும் இடம் பெயரார், கடைத்தெருவும் கலையாது. நூறு ஆண்டுகளுக்கு முன் நம் தஞ்சையைக் கண்டு அவர் உரைத்த அறிவு, இன்றும் உலகின் நகரமைப்புப் பள்ளிகளில் பாடமாக உள்ளது.

பெங்களூருக்குத் திரும்புவோம். 1945-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி இங்கும் நகர அபிவிருத்தி டிரஸ்ட் வாரியம் தோன்றியது. 1947 ஜூலை மாதத்தில் கன்டோன்மென்டு மைசூர் அரசிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. 1949-இல் இரு நகராட்சிகளும் ஒன்றாகி ஒரே மாநகராட்சி ஆயின. ஜயநகர், ராஜாஜிநகர் ஆகிய பெரும் விரிவுகள் அக்காலத்தில் எழுந்தவை. 1976-இல் டிரஸ்டின் இடத்தைப் பெங்களூர் அபிவிருத்தி அதிகார அமைப்பு பெற்றது. புதிய மனைகளை வகுப்பதிலேயே அதன் கவனம் பெரிதும் சென்றது. பழைய பகுதிகளில் எளியோர் வாழிடத்தைத் திருத்தும் கடமை, 1973-ஆம் ஆண்டுக் கர்நாடகச் சட்டத்தின்கீழ் வேறொரு வாரியத்தைச் சார்ந்தது.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் ஒன்று கூற விரும்புகிறோம். 1956-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் தலைப்பில் 'திருத்துதல்', 'அகற்றுதல்' என்னும் இரு கருத்துகளும் அருகருகே நிற்கின்றன. கன்னடத்தில் அவ்வாரியத்தின் பெயரில் முதலில் இருந்தது 'நிர்மூலனம்', அதாவது வேரோடு களைதல். பின்னர் அது 'அபிவிருத்தி' ஆயிற்று. தமிழ்நாட்டில் 1970-இல் எழுந்த வாரியத்திற்கு ஆங்கிலத்தில் 'அகற்றும் வாரியம்' என்ற பொருளே இருந்தது. தமிழில் பெயரிட்டவர்களோ 'குடிசை மாற்று வாரியம்' என்றனர். அகற்றுதல் வேறு, மாற்றுதல் வேறு. மாற்று என்றால், ஒன்றை எடுத்தவன் மற்றொன்றைத் தரக் கடமைப்பட்டவன் ஆகிறான். 2021-இல் அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாறியுள்ளது. எனினும் அந்தப் பழைய சொல்லில் ஒரு நீதி இருந்தது.

அந்நீதி தவறினால் யாது நேரும் என்பதை ஆஸ்டின் டவுனுக்குத் தொலைவில் அல்லாத ஈஜிபுரம் காட்டிற்று. நலிந்த பிரிவினர்க்கென மாநகராட்சி அங்கே அடுக்கு வீடுகள் கட்டியது. கட்டடத்தின் தரம் குறைவானது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் சில பகுதிகள் இடிந்து வீழ்ந்தன. எஞ்சியவையும் இடிக்கப்பட்டன, குடும்பங்கள் அதே நிலத்தில் தகரக் கொட்டகைகளில் தங்கின. பின்னர் நிலத்தின் ஒரு பகுதியில் ஏழைகட்கு வீடும் மறு பகுதியில் வணிக மாளிகையும் எழுப்பத் தனியாருடன் உடன்பாடு ஏற்பட்டது. 2013 ஜனவரி மாதத்தில் கொட்டகைகள் அகற்றப்பட்டு, ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. தமிழ்க் குடும்பங்களும் அவற்றுள் பல. சிலர்க்குச் சர்ஜாபுரச் சாலைப் பக்கத்துச் சூலிகுண்டேயில் இடம் காட்டப்பட்டது. கோரமங்கலத்து இல்லங்களில் பாத்திரம் துலக்கிப் பிழைத்த தாய்மார், அத்துணைத் தொலைவிலிருந்து விடியற்காலையில் எவ்வாறு வந்து சேர்வர்? வீட்டை இழந்தவர் தொழிலையும் உடன் இழந்தனர். கொட்டகை வாயிலில் தேநீர் விற்றவனுக்கு அக்கொட்டகைவாசிகளே வாடிக்கைக்காரர். அவர்கள் சிதறியபோது அவன் கடையின் முதலும் சிதறியது.

இந்த இடர் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1945-இல் சட்டம் இயற்றி, நலிந்த பகுதிகளைப் புதுப்பிக்கத் தனி அமைப்புகளை ஊர்தோறும் ஏற்படுத்திற்று. பகுதி செழிக்குமானால் நிலமதிப்பு உயரும்; அதனால் சொத்துவரி கூடும். அவ்வாறு கூடும் வரியைப் புதுப்பிப்புப் பணிக்கே திருப்புவது அவர்கள் கண்ட வழி. சில ஊர்களில் கடைத்தெருக்கள் உயிர் பெற்றன. ஆனால் வரியைப் பெருக்கும் நோக்கில் செல்வர்க்குரிய மாளிகைகளை எழுப்பி, பழைய குடிகளையும் சிறு கடைகளையும் பெயர்த்த ஊர்களும் உண்டு. பள்ளிகட்கும் பிற பணிகட்கும் சேரவேண்டிய வரி இவ்வழியில் செல்கிறது என்ற வழக்கும் வலுத்தது. ஈற்றில், 2012 பிப்ரவரியில் நானூறு அளவிலான அவ்வமைப்புகளை அம்மாநிலமே கலைத்துவிட்டது.

அங்ஙனமாயின் பழைய பகுதிகளை அப்படியே விட்டுவிடலாமா? அதுவும் தகாது. ஒழுகும் கூரையும் நாறும் சாக்கடையும் யார்க்கும் பெருமை தருவன அல்ல. வாடிக்கையாளர் நடந்து செல்ல நடைபாதை இல்லையேல் கடையும் நலியும். 2018-இல் பெங்களூர்ச் சர்ச் தெரு நடப்போர்க்கேற்பக் கல்தளம் பெற்றது. அத்தகைய பணி முடிந்தபின் வணிகர்க்கு நலமே. ஆனால் பணி நடக்கும் மாதங்களில் தெரு தோண்டிக் கிடக்கும், வியாபாரம் நின்றுவிடும். பெரிய கடைக்காரர் அதனைத் தாங்குவர். அன்றாடம் விற்று அன்றாடம் உண்போர் தாங்கார். ஆதலின் பணிக்காலத்தில் தற்காலிகக் கடை, முடிந்தபின் பழைய கடைக்காரர்க்கே முதல் உரிமை, கொடுக்கத்தக்க வாடகை ஆகிய மூன்றையும் தொடக்கத்திலேயே எழுத்தில் தருவதே நேரிய சீரமைப்பு.

ஆஸ்டின் டவுனிலும் இவ்வினா எழுந்தே உள்ளது. அபிவிருத்தி அதிகார அமைப்புக்கு அங்கே வணிக வளாகம் ஒன்று உண்டு. இந்திராநகர், விஜயநகர் முதலிய இடங்களின் பழைய வளாகங்களுடன் இதனையும் தனியார் முதலீட்டில் புதுப்பிக்கும் யோசனை வெளிவந்தது. இந்திராநகரில் மக்கள் அதனை எதிர்த்துக் குரல் எழுப்பினர். பொது நிலத்தில் எழும் புதிய மாளிகையில், பழைய மளிகைக்கடைக்கும் முடிதிருத்தகத்துக்கும் இடம் இருக்குமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. தாராவியில் தோல் தொழில் செய்துவரும் நெல்லைச் சீமைத் தமிழர் கேட்பதும் இதே கேள்விதான்.

சட்டம் முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. 2014-ஆம் ஆண்டின் தெரு வணிகர் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும் வரை எவரையும் அகற்றலாகாது. இடம் மாற்ற வேண்டுமாயின் முப்பது நாள் அறிவிப்புத் தரவேண்டும். நகர விற்பனைக் குழுவில் பத்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் தெரு வணிகரே இருத்தல் வேண்டும். ஐம்பது ஆண்டுகட்கு மேற்பட்ட இயல்பான சந்தைகளைப் பாரம்பரியச் சந்தைகளாகக் காக்கவும் அதில் வழி உண்டு. 2020-இல் தொடங்கிய பிரதமர் ஸ்வநிதித் திட்டத்தில் முதற் கடன் 10,000 ரூபாயாக இருந்தது. 2025-இல் அது 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நிலம் எடுப்பது பற்றிய 2013-ஆம் ஆண்டுச் சட்டம், உடைமையாளரை மட்டுமன்றி, மூன்றாண்டுகள் அங்கே பிழைத்த குத்தகைதாரரையும் கைத்தொழிலாளரையும் பாதிக்கப்பட்டோராகக் கருதுகிறது. ஆனால் பெங்களூர் அபிவிருத்தி அதிகார அமைப்பு தன் சட்டத்தின்கீழ் எடுக்கும் நிலங்களுக்கு அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. எனவே ஒரே நாட்டில் ஓர் ஊரின் வாடகைக் கடைக்காரர்க்கு உள்ள காப்பு, மற்றோர் ஊரில் இல்லாமற் போகலாம்.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் இதிலிருந்து கொள்ளத்தக்கது யாது? முதலாவது, தாள்கள். வாடகை ரசீது, மின்சாரக் கட்டணச் சீட்டு, குடும்ப அட்டை, விற்பனைச் சான்றிதழ் ஆகியவற்றைத் தகரப் பெட்டியின் அடியில் மறந்துவிடாமல் முறையாகப் போற்றுதல் வேண்டும். கணக்கெடுப்போர் வரும் நாளில், தாள் உடையவனே குடி, இல்லாதவன் வழிப்போக்கன். இரண்டாவது, உள்ளூர் மொழி. அறிவிப்புகள் அம்மாநில மொழியிலேயே சுவரில் ஒட்டப்பெறும். அதனைப் படிக்கத் தெரியாமையால் ஆட்சேபணைக்குரிய நாளைத் தவறவிட்டோர் பலரை நாம் அறிவோம். மூன்றாவது, அயலாருடன் ஒற்றுமை. ஒரு தெருவின் சாக்கடை தமிழர்க்கு என்றும் கன்னடியர்க்கு என்றும் பிரிந்து ஓடுவதில்லை. 2025 செப்டம்பரில் பெங்களூர் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டுள்ளது. புதிய அலுவலகங்கள் புதிய திட்டங்களைத் தீட்டும். அவை தாளில் வரியாக இருக்கும்போதே தெருவார் ஒன்று கூடிக் கேட்பது நலம். இயந்திரம் வந்து நின்றபின் கேட்பது காலங் கடந்த செயல்.

ஆஸ்டின் டவுன் அரண்மனைகள் நிறைந்த இடம் அன்று. ஆயினும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலமாக எளியோர் அங்கே நிலைத்து வாழ்கின்றனர். பிழைப்பிடத்தினின்றும் அவர்களைப் பிரிக்காமல் வீடு அமைத்ததே அதற்குக் காரணம். ஒரு பகுதி சீர்பெற்றதா என்பதை அதன் புதிய கட்டடத்தின் உயரம் கொண்டு அளத்தல் தகாது. இடிப்பதற்கு முன் அங்கே கடை திறந்தவர், கட்டி முடித்த மறுநாள் காலையிலும் அங்கே கடை திறக்கிறாரா என்று பாருங்கள். திறப்பாரேல் அதுவே மேம்பாடு. இல்லையேல், எந்த மொழியில் எவ்வளவு அழகாக எழுதினும் அதன் பெயர் அகற்றுதல்தான்.